கேள்வி ஒருவருடையது, விலை வேறொருவருடையது: தென்னாப்பிரிக்காவின் எய்ட்ஸ் மறுப்பு குறித்து

எடுத்துக்கொண்ட கேள்வி

மூடநம்பிக்கை என்றதும் நம் மனத்தில் வந்து நிற்பவர் பெரும்பாலும் படிக்காதவர். எழுத்தறிவு பெருகினால் அது தானாகத் தேயும் என்பது கடந்த இரு நூற்றாண்டுச் சீர்திருத்த இயக்கங்கள் பலவும் ஏதோ ஒரு வகையில் பகிர்ந்துகொண்ட எதிர்பார்ப்பு. தமிழ்நாட்டுப் பகுத்தறிவு இயக்கமும் அதற்கு விலக்கல்ல. அந்த எதிர்பார்ப்பில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், தம் நம்பிக்கையைச் சரிபார்க்கும் திறனைத் தரும் அதே படிப்பு, அதைக் காத்துக்கொள்ளும் சாமர்த்தியத்தையும் தருகிறது. பருவநிலை மாற்றம் பற்றிய கருத்துப் பிளவு அமெரிக்காவில் யாரிடையே மிக ஆழமாக இருக்கிறது என்று யேல் சட்டக் கல்லூரியின் டான் கஹானும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வின்படி, அறிவியலும் கணக்கும் நன்கு தெரிந்தவர்களிடையேதான் பிளவு அதிகம். தன் அணியின் முடிவைத் தாங்கிப் பிடிக்கத் தேவையான சான்றுகளைத் தேடியெடுக்கவும் தெரிந்தவர்கள் அவர்கள்தாம்.

இந்தக் கட்டுரை ஆராய்வது அத்தகைய படித்த பகுத்தறிவின்மையின் மிகக் கொடிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்றை. 1999 முதல் 2008 வரை தென்னாப்பிரிக்காவின் குடியரசுத் தலைவராக இருந்த தாபோ எம்பெக்கி, எச்.ஐ.வி. கிருமிதான் எய்ட்ஸ் நோயை உண்டாக்குகிறது என்பதை ஐயுற்றார். அந்த ஐயம் அரசின் கொள்கையில் இறங்கியது. அவர் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தவர், விரிவாக வாசிப்பவர், நிறவெறி ஆட்சியை வீழ்த்திய இயக்கத்தின் கூர்மையான மூளைகளில் ஒருவர். ஐயுறுவது பகுத்தறிவின் முதல் இலக்கணம் என்றால், ஐயுற்ற ஒருவரைப் பகுத்தறிவற்றவர் என்று எதைக்கொண்டு சொல்கிறோம்? அந்த ஐயம் எப்போது பிறரைக் கொல்லும் வலிமை பெற்றது? ஐயத்தின் பொருளில் விடை இல்லை என்பது என் வாதம். எந்தச் சோதனைக்கும் கட்டுப்பட மறுத்த கணத்தில் அது பகுத்தறிவை விட்டு விலகியது. தவறினால் வரும் இழப்பை முழுவதுமாகப் பிறர்மேல் இறக்கக்கூடிய நாற்காலியில் அது அமர்ந்தபோது ஆட்கொல்லியாயிற்று.

நடந்தவை

தென்னாப்பிரிக்காவில் 1990இல், கருவுற்று அரசு மருத்துவமனைகளுக்கு வந்த பெண்களில் எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. 2000இல் அது 24.5 சதவீதம். பத்தாண்டுகளில் நால்வரில் ஒருவர் என்ற நிலை. இதே காலத்தில் மருத்துவமும் தேங்கி நிற்கவில்லை. 1996 வாக்கில் பரவலான, கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து சிகிச்சையால் அமெரிக்காவில் எய்ட்ஸ் இறப்பு விகிதம் ஒரே ஆண்டில், 1997இல், 47 சதவீதம் சரிந்தது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதைத் தடுக்கும் எளிய வழி உகாண்டாவில் சோதிக்கப்பட்டு 1999இல் லான்செட் இதழில் வெளியானது: பிரசவ வலி தொடங்கும்போது தாய்க்கு ஒரு முறை, பிறந்த சில நாட்களுக்குள் குழந்தைக்கு ஒரு முறை, நெவிரபின் என்ற மருந்து. எச்.ஐ.வி. எதிர்ப்பு மருந்தான ஏ.இசட்.டி.யைக் குறுகிய காலம் கொடுத்த குழுவில் 25.1 சதவீதக் குழந்தைகளுக்குத் தொற்று ஏற்பட்டிருக்க, நெவிரபின் குழுவில் அது 13.1 சதவீதமாக இருந்தது. 2000 ஜூலையில் இம்மருந்தைத் தயாரிக்கும் பெரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனம் ஏழை நாடுகளுக்கு ஐந்தாண்டுகள் இலவசமாகவே தர முன்வந்தது.

தென்னாப்பிரிக்க அரசு இதை ஏற்கவில்லை. 1999 அக்டோபரில் எம்பெக்கி நாடாளுமன்ற அவையில் ஏ.இசட்.டி. நச்சுத்தன்மை கொண்டது என்று எச்சரித்தார். 2000இல் அவர் அமைத்த ஆலோசனைக் குழுவில், எச்.ஐ.வி. தீங்கற்றது என்று 1987 முதல் வாதிட்டுவந்த பெர்க்லி பேராசிரியர் பீட்டர் டூஸ்பர்க்கும் அவரோடு ஒத்த கருத்துடையவர்களும் மைய நீரோட்ட ஆய்வாளர்களுக்குச் சமமாக உட்கார்த்தப்பட்டனர். அதே ஆண்டு ஜூலையில் டர்பன் நகரில் உலக எய்ட்ஸ் மாநாடு கூடியபோது, எச்.ஐ.வி.யே எய்ட்ஸுக்குக் காரணம் என்று 5,000க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கையொப்பமிட்ட பிரகடனம் நேச்சர் இதழில் வந்தது. அது குப்பைத்தொட்டிக்குத்தான் போகும் என்றார் குடியரசுத் தலைவரின் செய்தித் தொடர்பாளர். மாநாட்டைத் தொடங்கிவைத்த எம்பெக்கி வறுமையைப் பற்றி நெடுநேரம் பேசினார். சுகாதார அமைச்சர் மாண்டோ ஷபலாலா-எம்சிமாங் பூண்டு, எலுமிச்சை, பீட்ரூட், ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றின் மகிமையைப் பரப்பினார். 2006இல் டொரண்டோ மாநாட்டில் அவருடைய நாட்டின் அரங்கில் இவை காட்சிக்கே வைக்கப்பட்டன. இவர் லெனின்கிராடில் படித்துப் பட்டம் பெற்ற மருத்துவர் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஐயத்துக்கு இருந்த நியாயம்

இந்த நிகழ்வை விளக்கியவர்களிடையே இரு போக்குகள் உண்டு. பிரெஞ்சு மானுடவியலாளரும் மருத்துவருமான டிடியே ஃபாசான், மறுப்பை ஒரு தனிமனிதரின் கிறுக்காகப் பார்க்க மறுக்கிறார். வெள்ளையர் ஆட்சியின் நினைவு மக்களின் உடலிலேயே படிந்திருக்கிறது, அந்த வரலாற்றைப் படிக்காமல் இந்த ஐயத்தைப் படிக்க முடியாது என்பது அவர் நிலை. கேப்டவுன் பல்கலைக்கழகப் பொருளியலாளர் நிக்கோலி நாட்ரஸ் இதற்கு நேர் எதிராக, முடிவெடுத்தவர்களின் பொறுப்பை வரலாற்றின்மேல் ஏற்றிவிடக் கூடாது என்கிறார். இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்க வேண்டிய கட்டாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஐயம் பிறந்த கதையை ஃபாசான் சொல்கிறார், அது என்ன ஆனது என்பதை நாட்ரஸ் சொல்கிறார்.

பிறந்த கதை அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. 1901இல் கேப்டவுனில் பிளேக் பரவியபோது, நோய்த் தடுப்பின் பெயரால் ஆப்பிரிக்கர்கள் நகரிலிருந்து அகற்றப்பட்டு ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்டனர். இனவாரியான குடியிருப்புப் பிரிப்புக்குச் சுகாதாரம் ஒரு முன்னோடிச் சாக்காக இருந்ததை வரலாற்றாசிரியர் மேனார்ட் ஸ்வான்சன் நிறுவியிருக்கிறார். நிறவெறி ஆட்சியின் இறுதிக் காலத்தில் ராணுவம் நடத்திய ரகசிய ரசாயன, உயிரியல் ஆயுதத் திட்டம் பற்றிய வாக்குமூலங்கள் 1998இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் வெளிவந்தன. அதே 1998இல், மலிவு மருந்துகளுக்கு வழிசெய்யும் சட்டத்தை எதிர்த்து ஏறத்தாழ 40 மருந்து நிறுவனங்கள் மண்டேலா அரசின்மேல் வழக்குத் தொடுத்திருந்தன. எய்ட்ஸ் ஆப்பிரிக்காவில் தோன்றியது, ஆப்பிரிக்கரின் பாலியல் ஒழுக்கக்கேட்டால் பரவுகிறது என்ற தொனியில் மேலைநாடுகளில் எழுதப்பட்டவற்றில் இனவாத வாடை இருந்ததும் உண்மை. இத்தனையையும் அறிந்த ஓர் ஆப்பிரிக்கத் தலைவர், வெள்ளை மருத்துவரும் பன்னாட்டு நிறுவனமும் நீட்டும் மாத்திரையை உடனே வாங்கி விழுங்காமல் ஒரு கணம் உற்றுப் பார்த்தால் அதைப் பகுத்தறிவின்மை என்று யார் சொல்வார்கள்? எண்பதுகளின் இறுதியில் ஏ.இசட்.டி. அளவுக்கு மீறிக் கொடுக்கப்பட்டதும், அதன் பக்கவிளைவுகள் கடுமையாக இருந்ததும் பொய்யல்ல. வறுமை நோயைக் கூர்மையாக்குகிறது என்பதும் பொய்யல்ல. டர்பனில் எம்பெக்கி மேற்கோள் காட்டியது உலக சுகாதார நிறுவனத்தின் 1995ஆம் ஆண்டு அறிக்கையைத்தான்.

முறிந்த இடம்

ஆகவே தொடக்க ஐயத்தை நாம் ஏற்றாக வேண்டும். கேள்வி, பதில் வந்தபோது என்ன நடந்தது என்பதே. டூஸ்பர்க்கின் கோட்பாடு சோதிக்க முடியாததல்ல. எய்ட்ஸுக்குக் காரணம் கிருமியன்று, போதைப் பொருள்களும் ஏ.இசட்.டி. போன்ற மருந்துகளுமே என்று அது சொன்னது. அப்படியானால் எச்.ஐ.வி. தொற்றைத் தவிர மற்ற எல்லா வகையிலும் ஒத்திருக்கும் இரு குழுக்களை ஒப்பிட்டால் இறப்பில் வேறுபாடு இருக்கக் கூடாது. இயற்கையே அப்படியொரு சோதனையை நடத்தியிருந்தது. ரத்தம் உறையாமைக் குறைபாடு உள்ள பிரிட்டன் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு, அவர்கள் ஏற்றிக்கொண்ட ரத்தப் பொருள்கள் வழியாகத் தொற்று ஏற்பட்டது, மற்றவர்கள் தப்பினார்கள். சேரா டார்பியும் சகாக்களும் 1995இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கணக்கின்படி, கடுமையான குறைபாடு உள்ளவர்களில் தொற்று இல்லாதவர்களின் இறப்பு விகிதம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 8 என்ற அளவிலேயே நின்றது. தொற்று உள்ளவர்களிடம் அது 1991–92இல் 81ஆக உயர்ந்தது. இது எம்பெக்கி குழு அமைப்பதற்கு ஐந்தாண்டுகள் முன்பே அச்சில் இருந்தது. மருந்துதான் கொல்கிறது என்ற கூற்றுக்கு 1997ஆம் ஆண்டின் அமெரிக்க இறப்புச் சரிவு இன்னொரு பதில்.

இந்தப் பதில்களை மறுப்பாளர்கள் எதிர்கொண்ட விதத்தில்தான் முறிவு இருக்கிறது. பதில் தந்தவரின் நோக்கம் விசாரிக்கப்பட்டது: அவர் மருந்து நிறுவனத்தின் ஆள், அல்லது ஆப்பிரிக்கரை இழிவாகப் பார்ப்பவர். 2000 ஏப்ரலில் உலகத் தலைவர்களுக்கு எழுதிய கடிதத்தில் எம்பெக்கி, மாற்றுக் கருத்தாளர்கள் படும் பாட்டை முற்காலத்தில் சமய விரோதிகள் எரிக்கப்பட்டதோடு ஒப்பிட்டார். ஒரு வாதத்தை நிராகரிக்க வாதியின் அடையாளமே போதும் என்று ஆகிவிட்டால், பிறகு எந்தச் சான்றும் உள்ளே நுழைய முடியாது; சான்று வலுக்க வலுக்கச் சதியும் பெரிதாகத் தெரியும். 2001இல் நாட்டின் சொந்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், முந்தைய ஆண்டில் 15 முதல் 49 வயதுக்குள் இறந்தவர்களில் சுமார் 40 சதவீதத்தினர் எய்ட்ஸால் இறந்ததாகக் கணக்கிட்டது. அக்கழகத்தின் அப்போதைய தலைவர் மலெகபுரு மக்கோபா கறுப்பின நோயெதிர்ப்பியலாளர். அரசு அந்தக் கணக்கையும் ஏற்காமல் அதனோடு மல்லுக்கு நின்றது. வெள்ளையரின் சூழ்ச்சி என்ற விளக்கம் பொருந்தாத இடத்திலும் ஐயம் தளரவில்லை என்பதால், அது வரலாற்றுக் காயத்திலிருந்து விடுபட்டுத் தன் காலிலேயே நிற்கத் தொடங்கிவிட்டது என்று முடிவு செய்வதில் தவறில்லை.

மருந்து நிறுவனங்களின் வழக்கு இதைவிடத் தெளிவான சான்று. அரசுக்கு ஆதரவாக அந்த வழக்கில் தலையிட்டது, 1998 டிசம்பரில் ஸாக்கி அக்மத் முதலியோர் தொடங்கிய சிகிச்சை உரிமை இயக்கம். 2001 ஏப்ரலில் நிறுவனங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் மும்பையின் சிப்லா நிறுவனம், ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்கப்பட்டுவந்த மூன்று மருந்துக் கூட்டை 350 டாலருக்குத் தர முன்வந்து உலகச் சந்தையைப் புரட்டியிருந்தது. ஏகாதிபத்தியத்துக்கு எதிரான வாதம் மனப்பூர்வமானதாக இருந்திருந்தால் இது கொண்டாட வேண்டிய வெற்றி. மேலைநாட்டு நிறுவனங்கள் தோற்றுவிட்டன, மூன்றாம் உலக நாடொன்று மலிவாகத் தருகிறது. அரசோ வென்ற உரிமையைப் பயன்படுத்தி மருந்து வாங்கவில்லை. தன்னோடு நின்ற இயக்கம் அதே ஆண்டில் தன்மேலேயே வழக்குத் தொடுக்கும் நிலையை உண்டாக்கியது.

விலை கொடுத்தவர்கள்

ஹார்வர்ட் பொதுச் சுகாதாரப் பள்ளியின் பிரைட் சிக்வெடேரேயும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட மதிப்பீடு பரவலாக அறியப்பட்டது: 2000 முதல் 2005 வரை சிகிச்சையைத் தாமதித்ததால் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, 35,000 குழந்தைகள் தவிர்த்திருக்கக்கூடிய தொற்றோடு பிறந்தார்கள். நாட்ரஸ் வேறொரு முறையில் செய்த கணக்கும் ஏறத்தாழ இதே அளவைத்தான் தருகிறது. இவை நடக்காத ஒன்றைக் கற்பனை செய்து நடந்ததிலிருந்து கழிக்கும் கணக்குகள்; அனுமானங்களை மாற்றினால் எண்ணும் மாறும். ஆனாலும் ஹார்வர்ட் குழு ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது பணக்கார நாடுகளை அல்ல, பக்கத்திலிருக்கும் போட்ஸ்வானாவையும் நமீபியாவையும். 2005இல் சிகிச்சை தேவைப்பட்டோரில் போட்ஸ்வானா 85 சதவீதத்தினருக்கும் நமீபியா 71 சதவீதத்தினருக்கும் மருந்து தந்தன. தென்னாப்பிரிக்கா 23 சதவீதம்.

பகுத்தறிவின்மையின் பொருளியலை ஆராய்ந்த பிரையன் கேப்லன் ஒரு பயனுள்ள கருத்தைச் சொல்லியிருக்கிறார். தவறான நம்பிக்கையால் தன் கையிலிருந்து எதுவும் போகாதபோது மனிதர் அதில் தாராளமாகத் திளைக்கிறார்; இழப்பு தன்மேல் விழும் என்றதும் நிதானத்துக்கு வந்துவிடுகிறார். அவர் வாக்காளரை மனத்தில் வைத்துச் சொன்னது இது. ஆனால் ஒரு வாக்கின் எடை மிகச் சிறிது. அதே தளர்ச்சியோடு ஓர் ஆட்சியாளர் யோசிக்கும்போது விளைவின் எடைக்கு அளவில்லை. பிரசவ அறையில் நெவிரபின் கிடைக்காத தாய்க்கும் டூஸ்பர்க்கின் கட்டுரைகளை வாசித்துக்கொண்டிருந்த தலைவருக்கும் இடையில் இருந்த தூரமே அந்த நம்பிக்கையை அவரால் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க முடிந்ததன் காரணம் என்பேன். பிரிட்டிஷ் கணிதவியலாளர் கிளிஃபோர்ட் 1877இல், பழைய கப்பல் பத்திரமாகப் போய்ச் சேரும் என்று தன்னைத்தானே நம்பவைத்துக்கொண்டு பயணிகளை ஏற்றியனுப்பும் முதலாளியை எடுத்துக்காட்டாகச் சொன்னார். அவர் மனப்பூர்வமாக நம்பினார் என்பது அவரைக் காப்பாற்றாது என்றார். அந்த முதலாளி கப்பலில் ஏறவில்லை என்பதைக் கிளிஃபோர்ட் போதிய அளவு அழுத்திச் சொல்லவில்லை.

இதற்கொரு மறுப்பு எழலாம். பூண்டையும் வைட்டமின் மாத்திரைகளையும் நம்பி மருந்தை ஒதுக்கிய நோயாளிகளும் இருந்தார்கள். இழப்பு அவர்கள் உயிரே அல்லவா? உண்மைதான். கேப்லனின் கருத்து இங்கே பொருந்தாது. ஆனால் அவர்களுடைய நம்பிக்கை வேறு இனம். ஒரு மருத்துவர், அதுவும் நாட்டின் சுகாதார அமைச்சர், சொல்வதை நம்புவது சாதாரண மனிதருக்கு எல்லா நாளும் அறிவுள்ள செயல்தான். நாமெல்லோரும் மருத்துவ விஷயத்தில் அப்படித்தான் வாழ்கிறோம். மேலே கெட்டுப்போன அறிவு கீழே வரும்போது, நம்பத்தக்கவரை நம்புதல் என்ற நல்ல பழக்கமே ஆபத்தாகிவிட்டது. அந்த நோயாளிகளை மூடர் பட்டியலில் சேர்ப்பது அநீதி.

இரு ஆட்சேபங்கள்

முதலாவது: தாமதத்துக்குக் காரணம் மறுப்பு அல்ல, வசதிக் குறைவு. இதை எளிதில் தள்ள முடியாது. இந்தியாவிலும் அரசின் இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சை 2004 ஏப்ரலில்தான் தொடங்கியது; சென்னைக்கு அருகிலுள்ள தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. சென்னையில் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986இலேயே கண்டறியப்பட்டிருந்தும் இந்தத் தாமதம். இங்கே அரசு கிருமியை மறுக்கவில்லை. பணமும் முன்னுரிமையும் இல்லை. ஆகவே தாமதித்தார்கள் என்பதை மட்டும் வைத்து யாரையும் பகுத்தறிவற்றவர் என்று சொல்லக் கூடாது. தென்னாப்பிரிக்காவைப் பிரித்துக் காட்டுவது, செலவில்லாததும் தடுக்கப்பட்டது என்பதே. இலவசமாக வந்த நெவிரபின் மாகாணத்துக்கு இரண்டு என்ற கணக்கில் 18 சோதனை மையங்களுக்குள் அடைக்கப்பட்டது. மருந்தும் மருத்துவரும் தயாராக இருந்த மற்ற அரசு மருத்துவமனைகளுக்கு அனுமதி இல்லை. க்வாஸூலு-நட்டால் மாகாணத்துக்கு 2002இல் எய்ட்ஸ் உள்ளிட்ட நோய்களுக்கு எதிரான உலக நிதியம் ஒதுக்கிய பெருந்தொகையை மத்திய அரசு முடக்கியது. மபுமலங்கா மாகாணத்தில், வல்லுறவுக்கு உள்ளானவர்களுக்குத் தடுப்பு மருந்து தர இடம் கொடுத்த மருத்துவமனைக் கண்காணிப்பாளர் பணிநீக்கம் செய்யப்பட்டார். கேப்டவுனை ஒட்டிய கயலிட்ஷா என்ற ஏழைக் குடியிருப்பிலோ, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2001இல் தொடங்கிய கூட்டு மருந்து சிகிச்சை நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

இரண்டாவது ஆட்சேபம் கொள்கை சார்ந்தது. பெரும்பான்மை அறிவியலாளரை மறுத்தவரைப் பகுத்தறிவற்றவர் என்று முத்திரை குத்தினால், நாளை உண்மையான மாற்றுக் கருத்துக்கும் அதே கதி நேராதா? பத்தொன்பதாம் நூற்றாண்டு வியன்னாவில், மருத்துவர்கள் கைகழுவினால் பிரசவக் காய்ச்சல் குறையும் என்று சொன்ன செம்மல்வைஸையும் பெரும்பான்மை ஏற்கவில்லை. ஆனால் செம்மல்வைஸ் செய்தது என்ன? தன் கருத்தைப் பிரசவ வார்டில் நடைமுறைப்படுத்தி, இறப்பு எண்ணிக்கையை மாதாமாதம் எழுதிவைத்தார். எண்கள் குறையாமல் போயிருந்தால் அவர் தோற்றிருப்பார். தோற்கக்கூடிய நிலையில் தன்னை வைத்துக்கொண்டவர் அவர். டூஸ்பர்க்கும் ஆய்விதழில் எழுதியவரை அந்த உரிமை உடையவரே, எவ்வளவு பிடிவாதமாக இருந்தாலும். ஆய்விதழில் தோற்ற கருத்து அமைச்சரவையில் வென்றதுதான் இங்கே நிகழ்ந்த விபரீதம்.

பிரமாணப் பத்திரத்தில் இல்லாத வாதம்

சிகிச்சை உரிமை இயக்கம் தொடுத்த வழக்கில் 2002 ஜூலை 5 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது: நெவிரபின்மேல் விதித்த கட்டுப்பாட்டை அரசு நீக்க வேண்டும். இவ்வழக்கில் என் கவனத்தை இழுப்பது அரசு முன்வைத்த காரணங்கள். மருந்தின் பயன், கிருமி எதிர்ப்புத் திறன் பெறும் அபாயம், பாதுகாப்பு, நிர்வாகத் திறன் ஆகியவற்றைப் பற்றி அரசு வாதாடியது. எச்.ஐ.வி.யால் எய்ட்ஸ் வருகிறதா என்ற ஐயம், கடிதங்களிலும் மேடையிலும் ஒலித்த அந்தப் பெரிய கேள்வி, நீதிமன்றத்தில் அரசின் காரணமாக வைக்கப்படவில்லை. உறுதிமொழி கொடுத்து, குறுக்கு வாதத்துக்கு ஆட்பட்டு, தோற்றால் கட்டுப்பட வேண்டிய இடத்துக்கு அதைக் கொண்டுவரும் துணிவு யாருக்கும் இல்லை. அது தாங்காது என்பது அவர்களுக்கே ஏதோ ஒரு மட்டத்தில் தெரிந்திருந்தது என்றே இதை வாசிக்கிறேன். அப்படியானால் இந்தப் பகுத்தறிவின்மையை வெறும் அறிவுப் பிழையாகக் கொள்ள முடியாது. எங்கே பேசலாம், எங்கே பேசக் கூடாது என்று இடம் பார்த்து நடந்துகொள்ளும் ஒன்று அது.

அதே காலத்தில் கயலிட்ஷாவில் சிகிச்சை உரிமை இயக்கம், பள்ளிப் படிப்பை முடிக்காத பெண்களுக்கும் நோயெதிர்ப்பு உயிரணு எண்ணிக்கை என்றால் என்ன, மருந்தை இடையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று வகுப்பெடுத்துக்கொண்டிருந்தது. கற்றதை அவர்கள் தம் உடம்பிலேயே சரிபார்த்துக்கொள்ள முடிந்தது. அமைச்சகத்துக்கும் இவர்களுக்கும் இடையே இருந்த வேறுபாட்டைப் படிப்பால் விளக்க முடியாது. தவறினால் யாருக்கு நேரும் என்பதால்தான் விளக்க முடியும்.

2003 இறுதியில் அமைச்சரவை சிகிச்சைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நடைமுறை நத்தை வேகத்தில் நகர்ந்தது. 2008 செப்டம்பரில் எம்பெக்கி பதவி விலகியதும் சுகாதார அமைச்சராக வந்த பார்பரா ஹோகன், எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணம் என்று வெளிப்படையாகச் சொன்னது பன்னாட்டுச் செய்தியானது. ஏறத்தாழ எட்டாண்டுகளுக்குப் பின், 2016 மார்ச்சில், எம்பெக்கி ஒரு நீண்ட விளக்கம் வெளியிட்டார். எச்.ஐ.வி. எய்ட்ஸை உண்டாக்காது என்று தாம் சொல்லவே இல்லை, பல நோய்களின் தொகுதியை ஒரு கிருமி உண்டாக்க முடியாது என்று மட்டுமே சொன்னதாக அதில் வாதிட்டிருந்தார். கேள்விதான் கேட்டேன் என்ற பழைய நிலையின் மறுபதிப்பு அது. 2002இல் நீதிமன்றத்தில் தவிர்த்ததைப் போலவே, குறுக்கு விசாரணை இல்லாத ஓரிடத்திலிருந்து எழுதப்பட்டது.